மொட்டை மாடிக்குப் போங்க... சிக்னல் கிடைக்கும்!

போன் அடித்தது.

டவர் எடுக்கவில்லை.

எப்படி எடுப்பார்? அவர் பேசிக்கொண்டிருந்தாரே!

மொபைல் கடை முதலாளி. ஆறடி உயரம். வாயைத் திறந்தால் சிக்னல், நெட்வொர்க், பேட்டரி. வேறு பேச்சே கிடையாது. கடைத்தெருவே கூடி அவருக்கு வைத்த பெயர்தான் டவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது.

எதிரே மஃப்டியில் இன்ஸ்பெக்டர். கையில் போன். முகத்தில் கடுப்பு.

"பச்சை கம்பெனி சிம் இருக்கே சார், அது புது மாப்பிள்ளை. ஆரம்பத்துல எல்லாமே இனாம். பழகினப்புறம் மாசாமாசம் புடுங்கும். மஞ்சள் கம்பெனி தெருவுல கணீர்னு பேசும், வீட்டுக்குள்ள வந்தா ஊமை. ஆனா ஊதா... ஆஹா! மொட்டை மாடியில ஊதாவை அடிச்சுக்க ஆளே கிடையாது!"

"அதைச் சொல்லித்தானேய்யா என்னை ஊதாவுக்கு மாத்திவிட்டே!" இன்ஸ்பெக்டர் கொதித்தார். "நான் ஸ்டேஷன்ல உக்காரணுமா, மொட்டை மாடியில உக்காரணுமா? பெரிய ஆபீசர் கூப்பிடறப்போ எல்லாம் லைன் கட்! நான்தான் வேணும்னு கட் பண்றேன்னு மெமோ குடுக்கப் போறாராம்!"

"அது ஊதா தப்பு இல்ல சார். உங்க ஸ்டேஷன் செவுரு தப்பு. செவுத்தை இடிச்சுட்டா..."

மறுபடி போன் அடித்தது.

திரையில் 'வீட்டம்மா'.

டவர் எடுத்தார். "சொல்லும்மா... கடையில ஆள் இருக்கு, அப்புறமா..."

"உன் பொண்டாட்டி என்கிட்ட இருக்கா!"

கரகரத்த குரல். ஆண் குரல்!

"யா... யாரு?"

"அவ உயிரோட வேணும்னா நான் சொல்றதைக்..."

டொய்ங்!

லைன் கட்!

டவர் போனையே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஒரே எட்டில் கவுன்ட்டருக்கு உள்ளே வந்தார்.

"யாருய்யா?"

"சார்... என் சம்சாரத்தை... தையல் கடைக்குப் போறேன்னு போனா சார்..."

போன் மறுபடி அலறியது. 'ஸ்பீக்கர்ல போடு' என்று இன்ஸ்பெக்டர் சைகை காட்டினார்.

"எங்கடா விட்டேன்?" என்றது குரல்.

"பொண்டாட்டி உங்ககிட்ட இருக்கான்னு சொன்னீங்க."

"ஆங்! அவ உயிரோட வேணும்னா என் போனைத் திருப்பிக் குடு!"

"உங்க போனா?"

"குடிகாரத் தம்பி ஒருத்தன் எனக்கு இருக்கான். என் போனைத் தூக்கிட்டு வந்து உன் கடையில எக்ஸ்சேஞ்ச் போட்டுட்டான். கறுப்பு கலர். ஓரத்துல கீறல். முதுகுல தேள் ஸ்டிக்கர்!"

"அதுல இருந்ததை எல்லாம் அன்னிக்கே அழிச்சுட்டேனே சார்! கைக்கு வந்ததும் ரீசெட் போடறதுதான் எங்க வழக்கம்."

"அழிச்சதைத் திரும்ப எடுக்கற ஆளுங்க இருக்காங்க, எனக்குத் தெரியும்! அதுல ஒரு செல்ஃபி இருக்கு. நகைக்கடை லாக்கரை உடைச்சுட்டு, பக்கத்துல நின்னு எடுத்துக்கிட்டது!"

இன்ஸ்பெக்டரின் புருவம் நெற்றிக்கு ஏறியது. அந்த நகைக்கடைத் திருடனைத் தேடித்தான் அவர் ராத்தூக்கம் இல்லாமல் அலைகிறார்!

"திருடப் போன இடத்துல... செல்ஃபியா?" டவருக்குத் தாங்கவில்லை.

"வெளிச்சம் நல்லா இருந்துச்சுடா! அதெல்லாம் உனக்கெதுக்கு? போன் வரணும். என் கையால அதை நான் உடைக்கணும். இந்தா, பேசு இவகிட்ட!"

"என்னங்க..."

மனைவியின் குரல்.

"கழுத்துல கத்தி வெச்சிருக்கான்ங்க... கேக்கறதைக் குடுத்துடுங்க..."

அந்தக் குரல் நடுங்கியது. காய்கறிக்காரனை, பால்காரனை, ஏன், டவரையே நடுங்க வைத்த குரல் அது. அது நடுங்கி அவர் கேட்டதே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று நிஜமாகவே பயந்தார்.

"குடுத்துடறேம்மா! பயப்படாதே! சார், போன் இருக்கு, பத்திரமா இருக்..."

டொய்ங்!

மறுபடியும் கட்!

"நல்லதாப் போச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "எடுய்யா அந்தப் போனை. அதை வெச்சே ஆளை அமுக்கிடலாம்."

டவர் அசையவில்லை.

தேள் ஸ்டிக்கர்...

ஹீட் கன்னால் சூடு காட்டி, நகத்தால் அந்தத் தேளை உரித்தது அவருக்கு நன்றாக நினைவில் இருந்தது. அதற்கப்புறம் நடந்ததும் நினைவுக்கு வந்தது.

"என்னய்யா திருதிருன்னு முழிக்கிறே? வித்துட்டியா?"

"விக்கல சார்."

"உடைச்சுட்டியா?"

"இல்ல சார்."

"பின்னே?"

டவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்க தொழில்ல ஒரு வழக்கம் சார். உள்ள மதர்போர்டு நல்லா இருக்கற பழைய போன் வந்தா, பாடியை மாத்திடுவோம். புதுத் திரை, புது முதுகு. பெட்டியில போட்டு, பிளாஸ்டிக் சுத்தி, சூடு காட்டினா... பெட்டி பிரிக்காத புதுசு!"

"அடப்பாவி! சரி, அதை யார் தலையில கட்டினே?"

"அன்னிக்கு எங்க கல்யாண நாள் சார்..."

இன்ஸ்பெக்டரின் வாய் மெல்லத் திறந்தது.

"ரோஸ் கலர் முதுகு போட்டு, ரிப்பன் கட்டி... அவ கையில குடுத்தேன். கண்ணெல்லாம் தண்ணி அவளுக்கு. அக்கா தங்கச்சி எல்லார்கிட்டயும் காட்டிட்டு வந்தா. 'உங்க வீட்டுக்காரங்க யாராவது இப்படிப் புதுசா வாங்கிக் குடுத்திருக்காங்களா?'ன்னு கேட்டுட்டு வேற வந்தா..."

"யோவ்! அப்போ அவன் தேடற போன்..."

"இப்ப அவன் காதுகிட்டதான் சார் இருக்கு!"

இன்ஸ்பெக்டர் சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியாமல் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விரலை நீட்டினார்.

"மூச்சு விடக்கூடாது! போன் தன் கையிலதான் இருக்குன்னு தெரிஞ்சா, அவனுக்கு உன் சம்சாரம் தேவையே இல்ல. மூஞ்சியைப் பார்த்த சாட்சி. என்ன செய்வான்னு புரியுதா?"

புரிந்தது. டவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்றேன்." இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்து ஸ்டேஷனுக்கு அடித்தார். காதில் வைத்தார். திரையைப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

"சனியனே... சிக்னல் இல்ல!"

"ஊதா சார். கடைக்குள்ள எடுக்காது. தெருமுனைக்குப் போங்க, அங்க..."

"உன்னை வந்து கவனிச்சுக்கறேன்! அவன் கூப்பிட்டா பேச்சை இழு. அது உனக்குச் சொல்லித் தரணுமா என்ன?"

இன்ஸ்பெக்டர் தெருமுனைக்கு ஓடினார்.

டவர் தனியாக இருந்தார். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்... நினைக்கவே பிடிக்கவில்லை.

போன் அடித்தது!

"டேய்! போ... எங்... வந்து..."

"ஹலோ? விட்டு விட்டுக் கேக்குது சார்!"

"எனக்கும்... எழவு! என்னடா போன் இது? காதுல வெச்சா ஒண்ணுமே கேக்கல. ஸ்பீக்கர்ல போட்டுக் கத்திட்டு இருக்கேன்!"

டவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாடி மாற்றும்போது இயர்பீஸும் மட்டரகமாகத்தான் போட்டிருந்தார். கட்டின மனைவிக்கு நல்ல இயர்பீஸ் போட மனம் வராத தன் கஞ்சத்தனத்தைத் திட்டிக்கொண்டார்.

"சார், நீங்க எங்க நிக்கிறீங்க?"

"அதைச் சொல்வேனா? என்னை என்ன கேனைன்னு நெனச்சியா?"

"இடம் வேணாம் சார்! உள்ளயா, வெளியயா? அதை மட்டும் சொல்லுங்க."

"உள்ள. கீழ்த்தளம்."

"அடடடா!" டவர் எழுந்தே விட்டார். "அவளோட ஊதா சிம்மைக் கீழ்த்தளத்துல வெச்சுட்டு லைன் கட் ஆகுதுன்னா எப்படி? ஜன்னல் பக்கம் போங்க."

"ஜன்னலே இல்ல."

"அப்போ மாடிக்குப் போங்க!"

"இவளைத் தனியா விட்டுட்டா?"

"கூடக் கூட்டிட்டுப் போங்க. அவ குரலை ஒழுங்காக் கேக்காம நான் போனைத் தர்றதா இல்ல."

அவரிடம் எந்தத் திட்டமும் இல்லை. சிக்னல் இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். கொலைகாரனாகவே இருந்தாலும் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தானே!

படிகளில் காலடிச் சத்தம். நடுவே மனைவியின் முனகல். "இவர் ஆரம்பிச்சுட்டாரா... இனி நிறுத்த மாட்டார்."

"மேல வந்தாச்சு," என்றது குரல், மூச்சிரைக்க. "ஒரு கோடு காட்டுது."

"கதவு இருக்கா சார்?"

"இருக்கு. இரும்புக் கதவு. துரு ஏறி இறுகிக் கெடக்கு."

"இரும்பா! அதான் சிக்னலை மறிக்குது. திறந்து வெளிய போங்க."

"ஒரு கையில போன், ஒரு கையில கத்தி. எப்படிடா திறப்பேன்?"

"கத்தியைப் படியில வெச்சுட்டு இழுங்க சார். போனைக் கீழ வெச்சுடாதீங்க, லைன் போயிடும்!"

கிறீச்ச்ச்... கதவு திறந்த சத்தம்.

"ரெண்டு கோடு!"

"கோட்டைப் பார்க்காதீங்க! கோடெல்லாம் கம்பெனிக்காரன் நம்மைச் சமாதானப்படுத்தப் போட்டு வெச்சது. தண்ணி டேங்க் இருக்கா?"

"இருக்கு."

"அதைத் தாண்டி அந்தப் பக்கம் போங்க. போனைத் தலைக்கு மேல தூக்குங்க. இன்னும்... இன்னும் கொஞ்சம்..."

"அட!" குரலில் நிஜமான வியப்பு. "நாலு கோடு! கணீர்னு கேக்குதுண்ணே!"

"நான் சொல்லல? மொட்டை மாடியில ஊதாவை அடிச்சுக்க..."

டமால்!!

இரும்புக் கதவு அறைந்து சாத்தும் சத்தம். தொடர்ந்து தாழ்ப்பாள் விழும் சத்தம்!

"ஏய்! கதவைத் திற! ஏய்ய்ய்!"

கதவுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் மெலிதாக ஆனால் தெளிவாகக் கேட்டது. அதில் நடுக்கம் துளிக்கூட இல்லை.

"பத்து வருஷமா இந்த மனுஷனோட குடித்தனம் பண்றேன்! சிக்னல் பேச்சுல ஒருத்தன் மாட்டினா உலகத்தையே மறந்துடுவான்னு எனக்குத் தெரியாதா? கெட அங்கயே!"

டவருக்கு என்ன நடந்தது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குதித்தார். மேலே ஓடிய ஃபேனில் தலை பட இருந்தது.

"அண்ணே..." குரலில் கரகரப்பு போய் அழுகை வந்திருந்தது. "வெயில் கொளுத்துதுண்ணே... தரை சுடுது... கத்தி வேற அவங்ககிட்ட இருக்கு... திறக்கச் சொல்லுங்கண்ணே!"

"எங்க இருக்கேன்னு சொல்லு தம்பி. ஆள் அனுப்பறேன்."

"மூடிப்போன ஐஸ் ஃபேக்டரிண்ணே..."

மூச்சிரைக்க உள்ளே வந்த இன்ஸ்பெக்டரின் காதில் இந்தக் கடைசி வரி விழுந்தது. மறுபேச்சில்லாமல் அப்படியே திரும்பித் தெருமுனைக்கு ஓடினார்.

அதோடு டவர் வாயை மூடியிருக்கலாம்.

மூடியிருக்க வேண்டும்!

ஆனால் மனைவி பிழைத்த சந்தோஷம். திருடனைப் பிடித்த பெருமை. எல்லாம் சேர்ந்து மண்டைக்கு ஏறிவிட்டது.

"டேய் மடையா!" என்று முழங்கினார். "நீ தேடற போன் எங்க இருக்கு தெரியுமா? உன் கையில! ரோஸ் முதுகைக் கழட்டிப் பாருடா! உள்ள இருக்கறது உன் பழைய போன்தான்! நான்தான் பாடியை மாத்தி என் பொண்டாட்டிக்குக் கல்யாண நாள் பரிசாக் குடுத்தேன்! எப்படி?"

அப்போதுதான் டவருக்கு உறைத்தது. ஸ்பீக்கர்! நாலு கோடு சிக்னல்! கதவுக்குப் பின்னால் அவள்!

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

மெதுவாக...

கிறீச்ச்ச்...

"அண்ணே..." திருடனின் குரல் அடியோடு மாறியிருந்தது. "அக்கா கதவைத் திறந்துட்டாங்கண்ணே... கையில என் கத்தி... என்னைப் பார்க்கவே இல்லண்ணே, போனைத்தான் பார்க்கறாங்க... போலீஸ் எப்பண்ணே வரும்? சீக்கிரம் வரச் சொல்லுங்கண்ணே!"

"குடுடா அதை! அந்த ஓரமா உக்காரு! எந்திரிச்சே, தொலைச்சுடுவேன்!"

"உக்காந்துட்டேன்க்கா..."

இப்போது அவள் குரல். வெகு அருகில். வெகு நிதானமாக.

"என்னங்க."

"ம்... மா..."

"பெட்டி பிரிக்காத புதுசுன்னு சொன்னீங்களே."

"அது வந்து... போர்டு நல்ல போர்டும்மா, பேட்டரியும்..."

"என் தங்கச்சிங்க முன்னாடி ரிப்பன் அவிழ்த்தேன். ஒரு திருடனோட பழைய போனுக்கு."

"கண்ணு..."

"நேராக் கடைக்குத்தான் வரேன்."

லைன் கட்!

இந்தத் தடவை ஊதா கம்பெனி மேல் பழி போட வழியில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் வெற்றிச் சிரிப்போடு உள்ளே வந்தார். "பிரமாதம்யா! பக்கத்துலயே ரோந்து ஜீப் இருந்தது. ஆளை அமுக்கியாச்சு. ஓடி வந்து அவனே ஜீப்புல ஏறிக்கிட்டானாம்! உன் சம்சாரத்தையும் பத்திரமா ஏத்தியாச்சு, இங்கதான் கூட்டிட்டு வராங்க. அந்தக் கத்தியை மட்டும் இன்னும் தர மாட்டேங்கறாங்களாம். ஏன்யா?"

டவர் அவசரமாகக் கடை ஷட்டரை உள்பக்கமாக இழுத்துப் பூட்டினார். இரண்டு கைகளையும் சேர்த்து இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினார்.

"பழைய போனைப் புதுசுன்னு குடுத்தது மோசடி சார். என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க."

"உள்ளயா? எவ்வளவு நாளைக்கு?"

"அவ கோபம் தணியற வரைக்கும் சார்!" என்றவர், ஜீப் ஹாரன் கேட்டதும் இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கியபடி, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"உங்க லாக்கப்ல எந்த கம்பெனி சிக்னலுமே கிடைக்காதுதானே சார்?"