நாயோடு வருகிறவர்களுக்கு மட்டும்

வள்ளம் கண்டல்தீவுத் துறையில் முட்டியதும் முதலில் குதித்தது வீமன்தான். கரையேறியதும் உடம்பை உதறிவிட்டு, வந்த தண்ணீரைத் திரும்பிப் பார்த்து ஒருமுறை குரைத்தது. பின்னால் பூரணி இறங்கினாள். தலையில் ஒரு சாக்குமூட்டை, கையில் ஒரு லாம்பு. அவளுக்கென்று மிஞ்சியது அவ்வளவுதான்.

"ஒங்கட நாய்க்குத் தண்ணியெண்டா இம்புட்டுப் பயமா தங்கச்சி? வழி முழுக்க நடுங்கிட்டே வந்திச்சி" என்று ஆதம்பாவா சிரித்தார். கிண்ணியாவிலிருந்து கூலிக்கு வள்ளம் விடுகிறவர். "அதுட ஈர மூக்கு எனக்கிட்ட வந்திருமோ எண்டு நானும் நடுங்கிட்டுத்தான் வந்தன். பட்டா எங்கட மார்க்கத்தில ஏழு தரம் கழுவணும்."

"அது ஆக்களைப் பாத்துத்தான் கிட்டப் போகும், நானா" என்றாள், அண்ணனை அழைப்பதுபோல.

"அப்ப நான் ஆளில்லையா?"

பல நாட்களுக்குப் பிறகு பூரணி அப்போதுதான் சிரித்தாள். அந்தத் தீவில் அவள் சிரித்தது அந்த ஒருதரம்தான் பிள்ளைகளே.

அது எண்பத்தாறாம் ஆண்டு. பூரணியின் புருஷனைத் தம்பலகாமத்து வயலில் யானை அடித்துப் பல காலம். ஒரே மகன் தவரூபனுக்குப் பதினேழு வயது. அவனை இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனது. அதே வாரம் வீடும் எரிந்தது. ட்ரக்கில் ஏற்றும்போது அவன் அடி வாங்கிக்கொண்டே திரும்பிக் கத்தியது ஒன்றுதான்: "அம்மா, வீமனை விட்டிட்டுப் போயிடாதைங்கோ!"

அதனால் அவள் விடவில்லை. அவன் திரும்பி வரும்போது முகம் மாறியிருக்கலாம், குரல் மாறியிருக்கலாம். தனக்கே அடையாளம் தெரியாமல் போனாலும் வீமனுக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். அவன் வரும்வரை தானும் நாயும் ஒரு கூரையின் கீழ் உயிரோடு இருக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

ஆனால் திருகோணமலை நகரத்தில் அப்போது அகதிகள் நிரம்பி வழிந்தார்கள். மாட்டுக்கொட்டிலுக்கும் வாடகை கேட்டார்கள். நாயைக் கண்டால் அதுவும் இல்லை.

"மனிசருக்கே இடமில்ல, இவவுக்கு நாய்க்கும் ஒரு அறை வேணுமாம்" என்றாள் ஒருத்தி.

"நாய் குரைச்சா அவங்கள் வந்து தட்டுறது எங்கட கதவைத்தான், பிள்ளை. நாயைக் கடலில போட்டிட்டு வா, இடம் தாறன்" என்றார் இன்னொருவர். நல்ல மனிதர்தான். உண்மையைத்தான் சொன்னார். அந்த நாட்களில் ஒரு நாய் குரைத்ததால் செத்த குடும்பங்கள் இருந்தன.

அப்போதுதான் சந்தையில் யாரோ சொன்னார்கள். குடாவுக்குள்ளே கண்டல்தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது, அங்கே அன்னலட்சுமி என்ற பெண்ணின் வீட்டில் பின்பாதி வாடகைக்கு இருக்கிறது, ஆனால் நாயோடு வருகிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பாள் என்று.

தீவில் ஏழெட்டு வீடுகள். எல்லாவற்றையும் கண்டல் மரங்கள் சுற்றி வளைத்து நின்றன. வேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப் போல் நீட்டிக்கொண்டிருந்தன. வாசல்களில் நின்றவர்கள் பூரணியைப் பார்க்கவில்லை. நாயைத்தான் பார்த்தார்கள். வேள்விக்கு வாங்கிவந்த கிடாயைப் பார்க்கிற பார்வை.

தீவில் வேறு நாயே இல்லை.

அன்னலட்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். தலை மட்டும் முழுவதும் நரைத்திருந்தது. தேத்தண்ணீர் தந்தாள். வீமனுக்கு மீன்தலை போட்டாள்.

"நாய் உங்கடையோ?"

"என்ர மகன்ர."

"மகன் எங்க?"

"பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். வருவான்."

அன்னலட்சுமியின் கை, நாயின் தலையில் அப்படியே நின்றுவிட்டது. பூரணியை முதல்முறையாக நிமிர்ந்து முழுவதுமாகப் பார்த்தாள்.

"அப்ப வாடகையை விடுங்கோ" என்றாள் மெதுவாக. "இருக்கிற நேரம் தாங்கோ. ஒண்டு மட்டும் சொல்லுறன். பொழுது சாய்ஞ்சு மம்மல் படேக்க நாயைப் பின்பக்கத் தூணில கட்டிப்போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கு இருங்கோ. நாய் என்ன செய்தாலும் திறக்கக் கூடாது."

"ஏனக்கா?"

"முதலை வாறது."

"அப்ப நாயை முதலை பிடிக்காதோ?"

"பிடிக்காது" என்றாள் அன்னலட்சுமி. ஏனென்று சொல்லவில்லை.

முதல் நாள் மாலை. கண்டல் காட்டின்மேல் வெளிச்சம் வடிந்து போய்க்கொண்டிருந்தது. பூரணி சொன்னபடி செய்தாள். நாயைக் கட்டினாள், கதவைத் தாழிட்டாள், லாம்பைக் கொளுத்தினாள்.

கொஞ்ச நேரம் கொக்குகளின் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

பிறகு ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு சத்தம். நின்றது. மறுபடி பிழிந்தது. கதவின் கீழ் இடுக்கால் சேற்று வாடை வந்தது. தேங்கிய தண்ணீரும் அழுகிய இலையும் கலந்த வாடை. வீமன் அடித்தொண்டையில் உறுமியது.

சட்டென்று உறுமல் நின்றது.

காலையில் கதவைத் திறந்தபோது நாய் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் கழுத்து மயிர் மட்டும் நனைந்திருந்தது. யாரோ நெடுநேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்ததைப் போல.

பயப்படுகிற பிள்ளை பக்கத்தில் இருக்கிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். இனித்தான் கதை.

சில நாட்கள் அப்படியே போயின. ஒரு மாலை வீமன் உறுமவில்லை. முனகியது. பயத்தில் முனகுகிற முனகல் அல்ல. தவரூபன் ரியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது ஒழுங்கை முனையிலேயே கண்டுகொண்டு, சுற்றிச் சுற்றி வந்து, வாலைத் தூணில் அடித்துக்கொண்டு முனகுமே, அந்த முனகல். வேறு யாருக்கும் அது அப்படி முனகியதில்லை.

பூரணி எழுந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அன்னலட்சுமி சொன்னது நினைவு வந்தது. கையை எடுத்தாள்.

வால் தூணில் அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"அம்மா."

மெல்லிய குரல். தொண்டைக்குள் தண்ணீர் நிற்கிற குரல்.

பெற்றவள் அவள். அந்தச் சொல்லுக்காகவே மாதக்கணக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள். எப்படித் திறக்காமல் இருப்பாள்?

"வந்திட்டியோடா மகனே! உள்ளுக்கு வா ராசா!"

கதவு திறந்து கிடந்தது. வெளியே யாரும் இல்லை. வீமன் வெறும் இடத்தைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. பூரணியின் சேலை விளிம்பை உரசிக்கொண்டு, முழங்கால் உயரத்தில், குளிர்ந்த ஏதோ ஒன்று உள்ளே போனது.

அவள் திரும்பினாள்.

சிமெந்துத் தரையில் ஈரக் காலடிகள். ஒவ்வொன்றாக விழுந்துகொண்டு, அவளுடைய பாயை நோக்கிப் போயின.

தவரூபனின் கால் அல்ல. ஆறு வயதுப் பிள்ளையின் கால்.

விடிந்ததும் துறைக்கு ஓடினாள். அங்கே அன்னலட்சுமி ஏற்கெனவே மூட்டையோடு வள்ளத்தில் ஏறி இருந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, கலியாண வீட்டுக்குப் போகிறவளைப் போல இருந்தாள்.

"ஆரக்கா அது? ஆர் அந்தப் பிள்ளை?"

"என்ர" என்றாள் அன்னலட்சுமி.

குரலில் அழுகை இல்லை. "சுற்றிவளைப்பு நேரம் எல்லாரும் கண்டலுக்க கழுத்தளவு தண்ணியில ஒளிச்சு நிண்டம். இவன் நாய்க்குட்டியை விடமாட்டன் எண்டு நெஞ்சில கட்டிக்கொண்டு நிண்டான். குட்டி முனகிச்சுது. குட்டியைத் தண்ணிக்க அமுக்கினம். இவன் அழத் தொடங்கினான். ஆமியின்ர சப்பாத்துச் சத்தம் கிட்ட வந்துது. நான் இவன்ர வாயைப் பொத்தி…" நிறுத்தினாள். "சத்தம் போனபிறகு கையை எடுத்தன். தீவில அவ்வளவு பேரும் தப்பினம்."

பூரணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூண்டு வருசமாக் கதவைத் தட்டிக் கூப்பிடுறான். நாய் நிண்டா அதோட விளையாடிப்போட்டுப் போயிடுவான். நாயளும் கனநாள் நிக்கிறேல்ல. நான் ஒருநாளும் பதில் சொல்லேல்ல. நீ சொல்லிப்போட்டாய். மகனே எண்டு கூப்பிட்டாய்."

நேற்றுவரை நீங்கள் என்றவள் இன்று நீ என்றாள்.

"திறக்க வேண்டாமெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்!"

"ஓம்" என்றாள் அன்னலட்சுமி. "திறக்காதை எண்டு சொன்னாத்தான், பிள்ளையைத் துலைச்சவள் திறப்பாள்."

பூரணி அழுதுகொண்டே வள்ளத்தில் கால் வைக்கப் போனாள். ஆதம்பாவாவின் முகம் வெளுத்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் துறைப் பலகையைப் பார்த்தார். காய்ந்த பலகையில் இரண்டு சின்னக் காலடிகள், நீர் சொட்டச் சொட்ட, அவளோடு ஒட்டி நின்றன.

"தங்கச்சி, நீங்க வாறதெண்டா வாங்க" என்றார். "அத ஏத்த எனக்கு ஏலா. அல்லாஹ்வுக்காகக் கேக்காதீங்க."

வள்ளம் போய்விட்டது. அன்னலட்சுமி ஒருதரமாவது திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பகல் முழுவதும் பூரணி வீமனைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "இனி எனக்கு நீ மட்டும்தானடா" என்று அதன் காதில் சொன்னாள்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் விடியற்காலையில் வீமன் கண்டல் ஓரத்தில் கிடந்தது. கணுக்கால் அளவு தண்ணீர். முகம் சேற்றுக்குள் புதைந்திருந்தது. பின்கழுத்தில் மயிர் ஐந்து இடத்தில் அமுங்கிக் கிடந்தது. சின்ன விரல்கள்.

பூரணிக்கு விளங்கிவிட்டது. அவனுக்கு இப்போது அம்மா கிடைத்துவிட்டாள். நாய் தேவையில்லை. அவள் வேறு யாரை என்னுடையது என்று சொன்னாலும் அவர்களுக்கும் இந்தத் தண்ணீரில் சாவுதான்.

அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. மட்டி பொறுக்கினாள், சோறு ஆக்கினாள், இரண்டு தட்டில் போட்டாள். இரண்டாவது தட்டில் சோறு குறையாது. ஆனால் காலையில் அது தண்ணீரில் ஊறிக் கிடக்கும். எந்த வெயிலிலும் அந்த வீட்டின் தரை காயவில்லை. அவள் எங்கே போனாலும் காலடிகள் பின்னால் வந்தன. மற்ற வீட்டுக்காரர் இப்போது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். எதிர்ப்பட்டால் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

எத்தனை மாதம் போயிற்றோ தெரியாது. ஒருநாள் நடுப்பகல். ஆதம்பாவாவின் வள்ளம் துறைக்கு வந்தது. அதிலிருந்து ஒரு பொடியன் இறங்கினான். மொட்டைத்தலை, ஒரு காலை இழுத்து நடந்தான், முன்பல் இரண்டு இல்லை. அவள் பயந்தபடி முகம் மாறித்தான் இருந்தது.

ஆனால் பூரணிக்கு நாய் தேவைப்படவில்லை. தூரத்திலேயே தெரிந்துவிட்டது.

"அம்மா!"

அவன் ஓட முயன்றான். மணலில் கால் புதைந்தது.

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், தண்ணீர் சொட்டுகிற சத்தம் நின்றது. ஈரக்காலடிகள் நடந்து வந்து வாசற்படியில், அவளுக்குப் பக்கத்தில் நின்றன.

பூரணி வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆர் நீ?" என்றாள்.

"அம்மா, நான் ரூபன்! விட்டிட்டாங்களம்மா! என்னைத் தெரியேல்லையோ?"

"எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று கத்தினாள். "அவன் என்னோட இஞ்ச இருக்கிறான். நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது. போ! கிட்ட வந்தா அடிப்பன்!" கீழே கிடந்த ஓட்டுத்துண்டை எடுத்து எறிந்தாள். அது அவன் நெற்றியில் பட்டு இரத்தம் வந்தது. அவன் அப்படியே மணலில் குந்திவிட்டான். எந்தச் சித்திரவதையிலும் அழாதவன், அம்மா அம்மா என்று அழுதான்.

அப்போது அவளுடைய ஒரு கால் தன்னை அறியாமல் அவனை நோக்கி ஓர் அடி வைத்தது.

ஓர் அடிதான். உடனே இழுத்துக்கொண்டாள்.

ஆதம்பாவா ஓடிவந்து அவனைத் தூக்கினார். "வா மகன். ஒங்கட உம்மாக்குப் புத்தி சரியில்ல. வா, போவம். இஞ்ச நிக்க வேணாம்."

வள்ளம் புறப்பட்டது. கண்டல் முனையைத் தாண்டும்வரை பூரணி கல்லைப்போல் நின்றாள். தப்பிவிட்டான். அவளை வெறுத்துக்கொண்டாவது உயிரோடு இருப்பான். அது போதும்.

பிறகுதான் மணலைப் பார்த்தாள்.

வாசற்படியிலிருந்து சின்ன ஈரக்காலடிகள் துறைவரை போயிருந்தன.

திரும்பி வந்த அடிகள் இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்தினாள். "என்ர மகன் நீதானடா! திரும்பி வா ராசா! நான் இஞ்ச இருக்கிறன்!" கொக்குகள் எழும்பிப் பறந்தன. வேறொன்றும் அசையவில்லை.

மம்மல் பட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டிலும் சோறு போட்டு, லாம்பைத் தூண்டிவிட்டு, கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள்.

தரை காயத் தொடங்கியிருந்தது.