பெட்டிக்குள் ஒரு முகம்

மரப்பெட்டியின் அடியிலிருந்து வெண்பொடி கசிந்து புல்லில் கிடந்தது. டூகல் விரலால் தொட்டுப் பார்த்தான். கல்மாவு.

பெட்டிக்குள் இருந்தது அவன் வயலில் நிற்கும் பழங்கல். முற்காலத்தில் ஸ்காட்லாந்தின் வடகிழக்கை ஆண்ட பிக்டு இனத்தார் செதுக்கியது. பாம்பு, பிறை, குதிரைவீரர்கள். உறைபனியில் செதுக்கல் உதிராதிருக்க, குளிர்காலம் முழுக்க அதைப் பெட்டியால் மூடிவைப்பார்கள். போன வாரம் மூடும்போது பக்கத்து வீட்டு ஆர்ச்சி உதவிக்கு வந்தான். கல்லறைக் கற்களில் பெயர் வெட்டுகிறவன்.

"சுத்தியலை இங்க குடுடா. உன் கைக்கு உருளைக்கிழங்கு தோண்டத்தான் வரும். இஷ்பெல் எப்படித்தான் உன்னைக் கட்டிக்கிட்டாளோ!" என்று சிரித்தான் ஆர்ச்சி.

இஷ்பெல் முதலில் ஆர்ச்சியோடுதான் பழகினாள். டூகல் சிரிக்கவில்லை. ஆணிகளைத் தானே அடித்தான்.

இப்போது மூடுபனி வேலியைத் தாண்டி வயலுக்குள் இறங்கிக்கொண்டிருக்க, ஈர ஆட்டுரோம வாடைக்கும் அழுகிய இலைகளின் வாடைக்கும் நடுவே, பலகைகளுக்கு உள்ளிருந்து, உளி கல்லைத் தொடும் சத்தம் மெதுவாக, பொறுமையாக வந்தது.

சுற்றி வந்து பார்த்தான். ஓர் ஆணிகூட அசையவில்லை.

வீட்டுக்குப் போனான்.

"ஆர்ச்சி இங்க வந்தானா?"

"அவன் நாலு நாளா டண்டீல அக்கா வீட்ல இருக்கான். மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் இஷ்பெல்.

அவன் எங்கிருக்கிறான் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? டூகல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வயலுக்குத் திரும்பினான்.

சத்தம் நின்றிருந்தது. பலகையைப் பெயர்த்தான். உள்ளே யாருமில்லை. கல்லுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கை நுழையத்தான் இடம்.

வீரர்களுக்குக் கீழே, வெறுமையாக இருந்த இடத்தில், ஒரு பெண்முகம். புத்தம்புதிய வெட்டு. இஷ்பெல். காதோரம் அவளுடைய சின்னத் தழும்பும் இருந்தது. கூந்தலை விலக்கினால்தான் தெரியும்.

அதை ஆர்ச்சி எப்போது பார்த்தான்?

ஆணிகளை மறந்தான். இடமின்மையை மறந்தான். கடப்பாரையை ஓங்கினான். மூக்கு போனது. கண்கள். வாய். முகம் இருந்த இடம் தட்டையாகும்வரை அடித்தான்.

மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தான். அடுப்பருகே இஷ்பெல் முதுகு காட்டி நின்றிருந்தாள்.

"உன் ஆளு செதுக்கினதை உடைச்சிட்டேன்."

அவள் திரும்பினாள்.

நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரே சமம். கண் இல்லை. வாய் இல்லை. கடப்பாரைத் தடங்கள் மட்டும்.

"என்ன டூகல், அப்படிப் பாக்கற?" என்றது அவள் குரல்.