காலி அலமாரியின் இரைச்சல்

சுருட்டையின் வீட்டார் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்த முதல் சனிக்கிழமையே, பிளாஸ்டிக் வாளியும் கிட்டாருமாகக் கூட்டாளிகள் வந்து இறங்கிவிட்டார்கள். வாளியைத் தட்டுபவன் குண்டன். கிட்டார் நெட்டை. பாடுவது, அதாவது தொண்டை கிழியக் கத்துவது, சுருட்டை. அன்றைய பாட்டு ‘துவைக்காத சாக்ஸ்’.

மாடி அறையில் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு மர அலமாரி. உள்ளே ஈரத்துணி வாடை. அதற்குள் நின்று பாடினால் எதிரொலிக்காது என்று மூவருக்கும் ஏகச் சந்தோஷம். வழக்கம்போல முதலில் மைக்கை மட்டும் உள்ளே வைத்துச் சாத்தி, ஆளில்லாத இரைச்சலைப் பதிவு செய்தார்கள். அதைக் கணினிக்குக் காட்டினால், அதே சத்தத்தைப் பாட்டு முழுக்கத் தேடித் துடைத்துவிடும். துடைப்பது நெட்டையின் வேலை.

மதியம் பாட்டைப் போட்டுக் கேட்டார்கள். வாளி இருந்தது. கிட்டார் இருந்தது.

சுருட்டையின் குரல் இல்லை.

அவனுக்குச் சுருக்கென்றது. போன வாரம் இவர்கள் வேறொருத்தனைப் பாடவைத்துப் பார்த்ததாகக் காதில் விழுந்திருந்தது. இந்த இருவரை விட்டால் அவனுக்கு நாதியில்லை. அந்தப் பயமே கோபமாக வந்தது.

“நான் ஒண்ணும் பண்ணலடா,” என்றான் நெட்டை. “இரைச்சலை மட்டும்தான் துடைச்சேன்.”

“உங்க சங்காத்தமே வேணாம். ரெண்டு பேரும் கிளம்புங்க.”

வாளியைக்கூட எடுக்காமல் போனார்கள்.

அவர்கள் தில்லுமுல்லைக் கண்டுபிடித்தே தீருவது என்று சுருட்டை ஒவ்வொரு பதிவாகத் திறந்தான். துடைப்பதற்கு முந்திய பாட்டில் அவன் குரல் கணீரென்று இருந்தது. அப்படியானால் துடைத்தபோதுதான் போயிருக்கிறது. ஆனால் காலி அலமாரியில் கேட்டது மட்டும்தானே துடைபடும்?

அந்தப் பதிவைப் போட்டான்.

‘உஸ்’ என்ற இரைச்சல். அதற்கடியில் ஒரு குரல்.

அவனுடைய குரல்.

“உங்க சங்காத்தமே வேணாம். ரெண்டு பேரும் கிளம்புங்க.”

காலையில் பதிவானது. அவன் அதைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு மெல்லிய சிரிப்பு. அவன் சிரித்திருக்கவில்லை.

நெட்டை பொய் சொல்லவில்லை. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஜன்னலுக்கு ஓடினான். தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டு.

மூன்று பேர்.

நடுவில் ஒரு சுருட்டைத் தலை. இருவர் தோளிலும் கை போட்டிருந்தது.

அடிவயிற்றிலிருந்து கத்தினான். சத்தமே வரவில்லை.

நடுவில் போனவன் மட்டும் திரும்பி, மாடியைப் பார்த்துக் கையாட்டினான்.