கதவடியில் நிறைகுடம்

கதவடியில் இருந்த நிறைகுடத்தின் ஒரு பக்கம் மட்டும் நனைந்திருந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிய யோகமலர், குடத்தின் கீழே பரப்பியிருந்த அரிசி அந்தப் பக்கம் ஊறிக் கிடப்பதைக் கண்டாள். கணவன் வாகீசன் பயணம் புறப்பட்ட காலை, மாவிலையும் தேங்காயும் வைத்து அவள்தான் அதை வைத்தாள். அவன் போன கையோடு எடுத்திருக்க வேண்டும். மனம் வரவில்லை.

தொழிற்சாலைப் பார்ட்டியில் விழுந்த பரிசு அது, இரண்டு பேருக்குக் கப்பல் பயணம். போர் நாளில் ஊரைவிட்டு ஓடும்போது கிளாலிக் கடலை ஒழுகும் வள்ளத்தில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றியபடி கடந்தவள் அவள். செத்தாலும் இனிக் கடலில் கால் வைக்கமாட்டேன் என்றுவிட்டாள்.

"அது வள்ளமப்பா. இது எங்கட பில்டிங் மாதிரிப் பதினாலு மாடி. உள்ளுக்கை நீச்சல் குளமே இருக்காம்," என்று சிரித்தான் வாகீசன். "உந்த பில்டிங் எப்பவாவது ஆடினதோ, சொல்லும் பாப்பம்?"

அவளுக்குப் பதிலாக அவன் சிநேகிதன் யோசப் போனான். புறப்படும்போது வாகீசன் வழக்கம்போலக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினான். கையில் கதவுத் திறப்பு இருந்தாலும், போகும்போதும் வரும்போதும் அப்படித் தட்டாவிட்டால் அந்த மனிதனுக்கு மனம் ஆறாது.

பின்னேரமே இருட்டிவிட்டது. ஹீற்றர் சூட்டில் ஈரச் சப்பாத்தின் மணமும், கொரிடோரால் வந்த யாரோ வீட்டு மீன் பொரியல் மணமும் கலந்து கிடக்க, அவற்றுக்கு அடியிலிருந்து இன்னொரு மணம், கிளாலியில் அவள் உடுப்பில் காய்ந்த உப்பின் மணம், மெல்ல மெல்ல மேலே வந்தது. அவள் குந்தியிருந்து தேங்காயைத் தூக்கினாள். குடம் நேராகத்தான் நின்றது. தண்ணீர்தான் நேராக இல்லை. ஒரு பக்கம் விளிம்பு முட்ட, மறுபக்கம் பித்தளை வெறுமையாகத் தெரிய, சரிந்து நின்றது.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே குடத்தை மறுபக்கம் சரித்தாள். தண்ணீர் வாய்க்குச் சமமாக வந்தது. அதேநேரம் குசினியில் போன் அடித்தது. அவள் எழும்புமுன் குரல் பதியும் மெசின் எடுத்துவிட்டது.

"யோகம், நான்தான். இஞ்ச கப்பல் கொஞ்சம் சரிஞ்சு நிண்டது. பயப்பிட ஒண்டுமில்லையாம். பொறும்... ஆ, இப்ப நிமிருது."

அவள் குடத்தை விட்டுவிட்டு ஓடினாள். ரிசீவரில் கை இன்னும் படவில்லை. மெசினுக்குள் கோப்பைகள் நொறுங்கின. ஒரே அலறல். "மாதாவே!" என்றது யோசப்பின் குரல்.

திரும்பி ஓடினாள். குடத்தைப் பிடித்துச் சரித்தாள். அலறல் அடங்கியது.

"யோகம்? திரும்ப நிமிர்ந்திட்டுது. வீட்டிலை இல்லையோ நீர்?"

"மேலை வாங்கோ!" குடத்தை விடாமல் அங்கிருந்தே கத்தினாள். "சின்ன வள்ளம் இருக்குமெல்லோ, அதிலை ஏறுங்கோ!"

அவனுக்குக் கேட்காது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தொண்டை கிழியக் கத்தினாள்.

"சரி, நான் றூமிலை போய்ப் படுக்கப்போறன். எங்கட றூம் ஆக அடியிலை, அங்கை ஆட்டம் தெரியாது."

கிளிக்.

அவள் குடத்தோடு இருந்தாள். தண்ணீர் மறுபடி சரிந்தது. இன்னும் சரித்தாள். இன்னும். தோள் மரத்தது. இனிச் சரிக்க இடமில்லை.

விளிம்பால் வழிந்தது. விரல்களில், மடியில், கார்ப்பெற்றில். உதட்டில் தெறித்தது உப்பு. ஒரு குடம் தண்ணீர் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

இரண்டு தட்டு.

கதவைப் பார்த்தாள்.

மறுபடி இரண்டு தட்டு.

கதவில் அல்ல. அவளுடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில், குடத்தின் அடியில், உள்ளேயிருந்து.