இரண்டாவது சாவி

காரின் மீட்டரில் சாவிப் படம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. சாவி வண்டிக்குள் இருக்கும்போது மட்டும் எரிய வேண்டிய விளக்கு அது. அவளுடைய சாவியோ வீட்டுக்குள், சமையலறை ஆணியில் தொங்கியது. சோதித்துப் பார்ப்பதற்காக அங்கேயே மாட்டிவிட்டு வரும்படி மெக்கானிக்தான் சொல்லியிருந்தார்.

"இன்னொரு சாவி எங்கம்மா?"

"அவர்கிட்ட."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அவள் கணவன் ஏரிக்கரையில் வண்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படகில் மீன் பிடிக்கப் போனான். கவிழ்ந்த படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஆளும் கிடைக்கவில்லை, சாவியும் கிடைக்கவில்லை. தன்னிடமிருந்த சாவியால் அவள்தான் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை, பசி தெரியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று 'கல்நெஞ்சுக்காரி' என்றது காதில் விழுந்தும் கோபம்கூட வரவில்லை. அந்த ஆணியில் இரண்டு சாவிகள் தொங்கிய நாட்களில், அவன் எப்போதும் தன்னுடையதை மேலே மாட்டுவான். அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் அவள் தன்னுடையதை எடுக்க வேண்டும். அதற்கே தினமும் ஒரு சண்டை நடக்கும். இப்போது கையை நீட்டினால் சாவி வந்துவிடுகிறது. அதற்கும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாளை வண்டி வாங்க ஆள் வருகிறார், விற்றுவிட்டு மகளோடு அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும், அதற்குள் இந்த விளக்கு அணைய வேண்டும். மனதில் இருந்தது அவ்வளவுதான்.

"ஒரு லைட்டுக்குப் போய் வண்டிய விக்கிறீங்களாக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்."

"அதுக்காக விக்கலைண்ணே. நீங்க பாருங்க."

வீட்டை ஒட்டிய ஷெட்டின் தகரக் கூரையில் சாயங்கால மழை விடாமல் இரைந்துகொண்டிருந்தது. திறந்த கதவு வழியே உள்ளே சாய்ந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரின் ஒயரைச் சொருகினார் மெக்கானிக். ஷெட்டுக்குள் பழைய ஆயிலும் ஈர ரப்பரும் கலந்து வீசிய வாடைக்கு அடியில் வேறொரு வாடையும் இருப்பதை, எது என்று சொல்லத் தெரியாமல், அவள் முகர்ந்துகொண்டே நின்றாள்.

"டிக்கியில ஒரு ஆன்டெனா, பின் சீட்டுல ஒண்ணு, முன்னாடி ஒண்ணு. காது மாதிரிம்மா. எந்தக் காதுல கேக்குதோ, சாவி அங்க இருக்குன்னு அர்த்தம்." திரையைப் பார்த்தார். "டிக்கியிலதான் கிடக்கு. எங்கயாவது விட்டிருப்பாரு."

டிக்கியில் ஒரு குடை, ஸ்டெப்னி, வேறொன்றுமில்லை. விரிப்பைத் தூக்கினார். அடியில் ஈரம். அவள் தொட்டுப் பார்த்தபோது விரலில் கறுப்பாகச் சேறு ஒட்டியது. அந்த வாடை இதுதான். ஏரிச் சேறு.

"மழைத்தண்ணி இறங்கியிருக்கும்" என்றார் மெக்கானிக். "தண்ணில விழுந்த சாவி இவ்வளவு நாள் வேலை செய்யாதும்மா. அதோட பேட்டரி அன்னிக்கே செத்..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கி எழுந்தது. ஸ்கேனர் ஒரு முறை பீப் என்றது.

"இப்ப பின் சீட்டுங்குது."

பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். அடியில் ஒரு நாணயம், மகளின் உடைந்த கிளிப். சாவி இல்லை. டார்ச்சை அடித்து மறுபடி தேடினார். விசிலடித்துக்கொண்டு வேலை செய்கிற மனிதர், விசிலை எப்போது நிறுத்தினார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுபடி பீப்.

"முன்னாடி" என்றார். குரல் இறங்கியிருந்தது.

டிரைவர் சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனால் முனகியது. உட்கார்ந்திருக்கும் ஆள் எழும்போது முனகுமே, அப்படி. அந்தப் பக்கக் கதவு திறந்தே கிடந்தது.

பச்சை விளக்கு அணைந்தது.

"போயிடுச்சும்மா!" மெக்கானிக் பெருமூச்சு விட்டார். "போயே போச்சு!"

"எங்க?"

"அது வண்டிக்குத் தெரியாது. உள்ள இருக்கிற வரைக்கும்தான் அதுக்குத் தெரியும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பவே அழிச்சிடலாம்மா. ரெண்டு சாவியையும் வண்டியோட மெமரியிலேர்ந்து அழிச்சிட்டு, உங்களோடதை மட்டும் திரும்பச் சேர்த்துடறேன். அப்புறம் அது வந்தா கூட இந்த வண்டி கண்டுக்காது."

ஒருவேளை அவன் வந்துவிட்டால்? அந்த நினைப்பு ஒரு நொடி எட்டிப் பார்த்தது. வந்தால் சந்தோஷப்படுவாளா என்று தேடிப் பார்த்தாள். உள்ளே எதுவும் இல்லை.

"அழிச்சிடுங்கண்ணே."

பட்டனை அழுத்தினார். "முடிஞ்சுது. ஓடிப் போய் உங்க சாவியக் கொண்டாங்க."

ஷெட்டிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவுதான். உள்ளே தரை ஈரமாக இருந்தது. தன் கால் ஈரம் என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்தாள். தடம் அவளுக்கு முன்னால் போயிருந்தது. பெரிய கால். வெறுங்கால்.

நிமிர்ந்தாள்.

ஆணி.

அவள் சாவி அங்கேதான் இருந்தது. அடியில். அதன் மேலே இன்னொன்று. பாசி சுற்றி, சேறு அப்பி. சொட்டு. சொட்டு.

பயமாக இருந்தது. இத்தனை நாளில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். மகள் அறைப் பக்கம் திரும்பினாள்.

பள்ளிவிட்டு வந்து மகள் தூங்குகிறாள். கூப்பிட்டால் கேட்க வேண்டுமென்று அவள் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போனாள். தடம் அங்கேதான் போயிருந்தது.

கதவு மூடியிருந்தது.

"என்னம்மா, எடுத்தாச்சா?" ஷெட்டிலிருந்து மெக்கானிக்கின் குரல். "உங்களோடது ஒண்ணு போதும்மா!"

மூடிய கதவின் அடியிலிருந்து, கறுப்பாக, தண்ணீர் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.