வாசல் மறித்தவள்

மின்தூக்கி மறுபடியும் அரசியை ஏற்றாமல் மேலே போய்விட்டது.

"தங்கள் வழி தெற்கு வாசலில் இருக்கிறது" என்றது சுவர், தேன் தடவிய குரலில்.

"என் வழி எனக்குத் தெரியும். நீ வாயை மூடு" என்றாள் அரசி.

பாளையங்கோட்டையின் அந்த உயரமான கட்டடத்தில் அவளுடைய தம்பி தணிகைவேலின் வீடு இருந்தது. ஊரெல்லாம் காதில் மாட்டியிருக்கும் நெறிமணியைச் செய்தவன் அவன்தான். ஒருவர் எதை விரும்புகிறார் என்று மணி அறிந்துகொள்ளும். அந்த விருப்பத்துக்குக் குறுக்கே யார் வந்தாலும், சண்டையில்லாமல் சத்தமில்லாமல் வேறு பக்கம் திருப்பிவிடும். சாலை, கதவு, மின்தூக்கி எல்லாம் அதன் பேச்சைக் கேட்டன.

ஆறு வருடத்துக்கு முன்னால் தணிகை இருந்த வேலையை உதறிவிட்டு இதைச் செய்யக் கிளம்பியபோது, "வேண்டாம்லே" என்று ஒரு வார்த்தை சொன்னாள் அரசி. அவ்வளவுதான். அவனுடைய மணிக்கு அவள் தடையாகிப்போனாள். அவன் வீட்டுக்கு வரும் பேருந்து அவளை விட்டுவிட்டுப் போகும். அவள் அழைத்தால் அவன் தூங்கிக்கொண்டிருப்பான். இன்று காலை அவன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில்கூட, பந்தியில் ஆள் போதவில்லை என்று மணி அவளைச் சாம்பார் வாளியோடு நிறுத்திவிட்டது. கெட்டிமேளம் கேட்டு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது மாப்பிள்ளையின் அக்கா வாசலை மறிக்க வேண்டும். கேட்டது கிடைத்த பிறகுதான் வழிவிட வேண்டும். அதையும் விட்டால், தம்பியை முகத்துக்கு நேராக இனி எங்கே பார்ப்பது?

காதில் மணி சிணுங்கியது. புதுப்பெண் நன்முல்லை, கல்யாணக் காரிலிருந்து.

"மதினி, எங்க இருக்கிய?"

"கீழதான் நிக்கேன். தூக்கி என்னைய ஏத்த மாட்டேங்கு."

"ஐயையோ! அப்ப என்னைய யாரு மறிப்பா? யாரும் மறிக்காம உள்ள போனா விருந்தாளி மாதிரில்லா இருக்கும்!"

அரசிக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"ஏளா, இத எங்கிட்டச் சொல்லாத. ஒன் மணிகிட்டச் சொல்லு. நீ கேட்டா அதுவும் செஞ்சுதான ஆகணும்?"

நன்முல்லையின் குரல் தெளிவாகக் கேட்டது: "எங்க மதினி என்னைய வாசல்ல மறிக்கணும். அதான் எனக்கு வேணும்."

மின்தூக்கி திறந்தது. "தங்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்றது சுவர்.

"இப்பத் தெரிஞ்சுதா?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள் அரசி.

மாலையும் கழுத்துமாக நன்முல்லையோடு வந்த தணிகை, வாசலில் கையை அகல விரித்து நின்றவளைக் கண்டு திகைத்துப்போனான்.

"அக்கா! நீ... எப்படி..."

"எத்தன வருசம் கழிச்சுக் கேக்க!"

"உள்ள போகணும்க்கா. களைப்பா இருக்கு. வழிவிடு."

"விட மாட்டேன்."

அவன் பழக்கதோஷத்தில் காதைத் தொட்டான். மணி பதில் சொன்னது: "நன்முல்லையின் விருப்பத்துக்குத் தாங்கள் தடையாக இருக்கிறீர்கள். விலகிச் செல்லவும்."

"நானா?"

நடைபாதையின் நகரும் தரை அவனை மட்டும் பின்னோக்கி இழுக்கத் தொடங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் எதிர்த்து ஓடினான். ஓட ஓட நின்ற இடத்திலேயே நின்றான். மாலையிலிருந்து சம்பங்கி உதிர்ந்தது. நன்முல்லை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஓடுலே ஓடு! நீ செஞ்ச சாமான்தான!"

"என்ன வேணும்னு சொல்லித் தொலைக்கா! நகையா?"

அரசியின் சிரிப்பு நின்றது. "நகை எதுக்குலே எனக்கு? நான் வேண்டாம்னு சொன்னா அது ஒன் காதுல விழணும். கேக்கதும் கேக்காததும் ஒன் இஷ்டம். ஆனா விழணும்."

அவன் ஓட்டம் தளர்ந்தது. தரை அவனை இழுத்துப்போனது. அரசி எட்டி அவன் கையைப் பிடித்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு பிடித்த கை.

"சரிக்கா" என்றான், மூச்சிரைக்க.

"மணிகிட்டச் சொல்லு."

"என்னைய மறிக்கவங்க எல்லாம் என் முன்னால வரட்டும்!" என்று கத்தினான்.

தரை நின்றது. அக்கா வழிவிட்டாள். மூவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். அக்காவும் தம்பியும் அன்று சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து போட்ட சண்டையை, நன்முல்லை சினிமா பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்த தணிகை அப்படியே நின்றுவிட்டான். நடைபாதை நிறைய ஆட்கள். நெறிமணியால் ஆபத்து என்று எழுதிய பேராசிரியர், பாதியில் விலகிப்போன கூட்டாளி, தண்ணீர் ஒழுகுகிறது என்று புகார் சொல்ல முடியாமலே போன கீழ்வீட்டுக்காரர். அவன் பாதையிலிருந்து இத்தனை காலம் நகர்த்தப்பட்டவர்கள் அத்தனை பேரும். மின்தூக்கி போய்ப்போய் மேலும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது.

"அக்கா, கதவச் சாத்து!" என்று, இரவு அங்கேயே தங்கியிருந்த அரசியைக் கூப்பிட்டான்.

எவ்வளவு தள்ளியும் அது சாத்திக்கொள்ளவில்லை. அவன் கேட்டதைத்தான் கதவு செய்துகொண்டிருந்தது.

அரசி நடுக்கூடத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டாள். ஒன்றில் தம்பியைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"தள்ளாதீய, ஒவ்வொருத்தரா வாங்க. எல்லாருக்கும் பதில் சொல்லுவான்!"