புழு இல்லாத பள்ளம்

"அண்ணாச்சி, என் வாயால ஒருத்தருக்கு வேலை போச்சு," என்றபடி சங்கிலிமுத்துவிடம் வந்தார் அருணாதேவி. சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் பிறந்து, கடலடிச் சேற்றை ஆராயப் போனவர்.

சங்கிலிமுத்து காவல்துறையில் கைரேகை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய உதவியாளர் வேல்விழி ஆட்டோ ஓட்டுபவள். காபி ஆறுவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவாள், பெரும்பாலும் தப்பான ஆளை.

கண்காட்சிப் போஸ்டருக்காக அருணாதேவி சிவகாசி அச்சகம் ஒன்றில் இரண்டு சேற்றுப் படங்கள் கொடுத்திருந்தார். ஆக்சிஜன் அநேகமாக இல்லாத ஆழ்கடல் பள்ளத்தின் சேறு கோடுகோடாக இருக்கும். சாதாரணக் கடலடிச் சேறு வெறும் கலங்கல். மாதிரி அச்சில் இரண்டிலும் கோடுகள்! படம் மாறிவிட்டதென்று அவர் கத்த, பென்டிரைவை வாங்கிப்போன அச்சக ஊழியர் பாண்டிராஜை முதலாளி வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்.

"அவந்தான்," என்றாள் வேல்விழி.

"காபியக் குடி, தாயி." சங்கிலிமுத்து மாதிரி அச்சை வாங்கி, லென்ஸை வைத்துப் பார்த்தார். "கோடு எப்படிம்மா விழுது?"

"மழைக்காலத்துல ஆத்துமண்ணு, கறுப்பா. மத்த மாசம் கடல்ல நுண்ணுயிர் செத்து விழும், வெளுப்பா. வருசத்துக்கு ஒரு ஜோடி. மத்த எடத்துல புழு குடைஞ்சு கலக்கிரும். பள்ளத்துல புழுவுக்கு மூச்சுவிட வழியில்ல. பல ஆயிரம் வருச மழை அப்படியே அடுக்கியிருக்கு."

"கிழிக்காத தினக் காலண்டர்!" சங்கிலிமுத்து லென்ஸை விலக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் அச்சகத்தில் எல்லோரும் கூடியதும் சங்கிலிமுத்து ஆரம்பித்தார்.

"ரெண்டு பேருக்கு ஒரே கைரேகை இருக்காது. ரெண்டு கடலுக்கும் அப்படித்தான். ஏழாவது கோட்டுல ஒரு கீறல். ரெண்டு படத்துலயும் அதே எடம்! ரெண்டாவதுல ஓரமா ஒரு புழுக்குழியும் மிச்சமிருக்கு. படம் மாறல; நல்ல படத்துக் கோட்ட எடுத்து இதுமேல ஒட்டியிருக்கு. சாமி படத்துல புள்ளி வந்தா இங்கன துடைக்கிறது யாரு?"

அச்சாகும் படங்களைக் கணினியில் திருத்தும் 'டச்சப்' முனியராஜ் எழுந்தார். "நாந்தாங்க. இருவது வருசமா லட்சுமி மொகத்துல ஒரு புள்ளி விட்டதில்ல. இது அசிங்கமா இருந்துச்சு. படிச்ச பிள்ள, நாலு பேரு சிரிப்பாகளேன்னு..."

"அண்ணே, அந்த அசிங்கத்தப் பாத்தாத்தான் பள்ளத்தோட பெருமை தெரியும்," என்றார் அருணாதேவி, பாண்டிராஜின் எண்ணை அழுத்தியபடி.

பாண்டிராஜைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள முதலாளி தலையாட்டினார். வேல்விழி தானே போய் அவரை ஆட்டோவில் ஏற்றிவந்தாள், வாடகை வாங்கவில்லை.

முனியராஜ் பள்ளத்துப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஒரு வருசங்கூட அழியலையே!" பிறகு கலங்கலைத் திரும்பக் கொண்டுவர உட்கார்ந்தவர், கெஞ்சலாகக் கேட்டார்:

"புழுக்குழிக்கு மட்டும் லேசா ரோஸ் கலர் குடுத்துக்கிடட்டுமா?"